டாக்கிங் ஹெட்ஸ்: முதல் ஆல்பமும் பின்னால் வந்த ஏழும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் குழு? எதற்காக இந்த ஒப்பீடு?

1975இல் நியூயார்க்கில் மேடையேறிய ராக் குழு. டேவிட் பைர்ன் பாட்டும் கிட்டாரும், டீனா வெய்மௌத் பேஸ் கிட்டார், கிறிஸ் ஃப்ரான்ட்ஸ் டிரம்ஸ். மூவரும் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற ஓவிய, வடிவமைப்புக் கல்லூரியில் பழக்கமானவர்கள். 1977இல் ஜெர்ரி ஹாரிசன் கீபோர்டும் கிட்டாருமாக வந்து சேர, நால்வர் ஆனார்கள். 1977 முதல் 1988 வரை எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள். 1991இல் கலைந்துவிட்டார்கள்.

முதல் ஆல்பமான ‘டாக்கிங் ஹெட்ஸ்: 77’ஐயும் நான்காவதான ‘ரிமைன் இன் லைட்’டையும் பெயர் சொல்லாமல் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், இரண்டும் ஒரே குழு என்று பலர் நம்பமாட்டார்கள். இடையில் ஓடியது மூன்றே வருடம். ‘முதல் ஆல்பம் வெறும் பள்ளிக்கூட நோட்டு, நான்காவதுதான் காவியம்’ என்று ஒரு கட்சி. ‘முதலில் இருந்த கூர்மை பிறகு கூட்டத்தில் கரைந்துவிட்டது’ என்று இன்னொரு கட்சி. நான் நீண்ட நாள் முதல் கட்சியில் இருந்தவன். இப்போது இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

நியூ வேவ் என்றால் என்ன? இவர்கள் பங்க் இல்லையா?

பங்க் என்பது எழுபதுகளில் வந்த வேகமான, இரைச்சலான, ஆத்திரமான ராக் வகை. அது பிறந்த இடத்தில்தான் இவர்களும் பிறந்தார்கள். மன்ஹாட்டனில் சிபிஜிபி என்ற சிறிய மதுவிடுதியில், 1975 ஜூனில், ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் வாசித்ததுதான் முதல் மேடை. ஆனால் தோல் ஜாக்கெட் இல்லை, கிழிந்த ஜீன்ஸ் இல்லை. கல்லூரிக்குப் போகிற பையன் மாதிரி மடிப்புக் கலையாத சட்டை. கிட்டாரை இரைய விடாமல், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும்படி வாசித்தார்கள்.

‘பங்க்’ என்ற பெயரைக் கேட்டாலே வானொலி நிலையங்கள் கதவைச் சாத்திய காலம் அது. இவர்களை ஒப்பந்தம் செய்த சைர் ரெக்கார்ட்ஸின் சீமோர் ஸ்டைன், ‘இதை பங்க் என்று சொல்லாதீர்கள், நியூ வேவ் என்று சொல்லுங்கள்’ என்று விளம்பரமே செய்தார். ஆக, அது பாதி இசை வகை, பாதி வியாபாரப் பெயர். சரி, பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் ஆல்பம் எப்படி ஒலிக்கும்?

காலி அறையில் நான்கு நாற்காலி போட்டது போல. 1977 செப்டம்பரில் வந்தது. 11 பாடல்கள், மொத்தம் 40 நிமிடத்துக்கும் குறைவு. எந்தப் பாட்டிலும் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கிட்டார் இடதும் வலதும் கீறிக்கொண்டிருக்கும். பேஸ் நடுவில் நிதானமாக நடக்கும். டிரம்ஸ் தேவைக்கு மேல் ஓர் அடிகூட அடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலே பைர்னின் குரல், தொண்டையில் எதுவோ சிக்கியது போல. நன்றாகப் பாடுபவரின் குரல் இல்லை அது. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர், கேள்வி கேட்பதற்குள் பதிலைத் தொடங்கிவிட்டது போன்ற குரல்.

இந்தக் காலியிடம் வறுமையால் வந்ததில்லை, வேண்டுமென்றே விட்டது. தயாரிப்பாளர்களில் ஒருவரான டோனி போன்ஜியோவி டிஸ்கோ பாடல்களில் கைதேர்ந்தவர். பங்க் குழுக்களின் பதிவுகளில் டிரம்ஸ் பெரும்பாலும் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். இங்கே அது தெளிவாக, கால் ஆட வைக்கும்படி முன்னால் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆல்பத்தின் முதல் பாட்டான ‘அ-ஓ, லவ் கம்ஸ் டு டவுன்’ நடுவில் ஸ்டீல் டிரம் ஒலிக்கிறது. டிரினிடாடின் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த அந்தக் கரீபியன் வாத்தியம், நியூயார்க் குழுவின் முதல் பாட்டில் என்ன செய்கிறது? ‘நான்காவது ஆல்பத்தில் திடீரென்று ஆப்பிரிக்கா பக்கம் போய்விட்டார்கள்’ என்பவர்கள் இந்தச் சில நொடிகளைத் தவறவிட்டிருப்பார்கள். நானும் பல வருடம் தவறவிட்டேன்.

‘சைக்கோ கில்லர்’ தவிர அதில் கேட்க என்ன இருக்கிறது?

முதலில் ‘சைக்கோ கில்லர்’ பற்றியே ஒரு வார்த்தை. கல்லூரி நாட்களிலேயே எழுதத் தொடங்கிய பாட்டு அது. ஆலிஸ் கூப்பர் போன்ற பயமுறுத்தும் பாடகருக்கு ஒரு மெல்லிய பாடலைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்ற விளையாட்டில் தொடங்கியது. நடுவில் வரும் பிரெஞ்சு வரிகளுக்கு டீனாவின் கை உதவியது. நியூயார்க்கை ஒரு தொடர் கொலைகாரன் கதிகலங்க வைத்த வருடத்தில் ஆல்பம் வந்ததால், அவனைப் பற்றிய பாட்டு என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 92ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உயிர்நாடி வேறு பாட்டு: ‘டோன்ட் வொர்ரி அபௌட் த கவர்ன்மென்ட்’. ஒருவர் தான் குடியிருக்கப்போகும் கட்டடத்தைப் புகழ்கிறார். வசதிகள் எல்லாம் இருக்கின்றன, நண்பர்கள் வந்து பார்க்கலாம், அரசு ஊழியர்களும் அன்பானவர்கள். அவ்வளவுதான் பாட்டு. கிண்டலா, உண்மையா? பைர்ன் இரண்டுக்கும் இடம் கொடுக்காமல், குழந்தை முகத்தோடு பாடிவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லி மற்றவர்கள் பாடிக்கொண்டிருந்த வருடத்தில், ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பை மெச்சிப் பாடினார். இந்தக் கட்டடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆல்பம்வரை கூடவே வரும்.

‘நோ கம்பாஷன்’, ‘புல்டு அப்’, ‘த புக் ஐ ரெட்’ மூன்றும் என் பட்டியலில் உண்டு. ‘ஹாப்பி டே’ கொஞ்சம் இழுவை. ‘ஹூ இஸ் இட்?’ இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் மன்னித்துவிடலாம்.

இரண்டாவது ஆல்பத்தில் என்ன மாறியது?

தயாரிப்பாளர் மாறினார். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ வந்தார். 1977இல் ரமோன்ஸோடு ஐரோப்பியப் பயணம் போனபோது லண்டனில் சந்தித்துப் பழகியவர். அதே வருடம் தன் ஆல்பத்தில் ‘கிங்ஸ் லெட் ஹாட்’ என்று ஒரு பாட்டு வைத்தார். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ வரும். அந்த அளவுக்குப் பிடித்துப்போயிருக்கிறது.

‘மோர் சாங்ஸ் அபௌட் பில்டிங்ஸ் அண்ட் ஃபுட்’ 1978 ஜூலையில் வந்தது. பஹாமாஸில் கம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில் பதிவு. ஒப்பிடுகிறவர்களுக்கு இது ஓர் அருமையான வாய்ப்பு. ஏனென்றால் இதிலுள்ள பாடல்களில் பல, முதல் ஆல்பத்துக்கு முன்பே மேடையில் வாசித்தவை. ‘வார்னிங் சைன்’, ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒன்லி’, ‘த கர்ல்ஸ் வாண்ட் டு பி வித் த கர்ல்ஸ்’ எல்லாம் அந்தக் கணக்கு. பாட்டு பழசு, சமையல் புதுசு. ஆக, முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் கேட்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி பாடலாசிரியர் வளர்ந்ததால் வந்ததில்லை. ஒலியைப் பதிவு செய்த விதத்தால் வந்தது.

என்ன வித்தியாசம்? முதல் ஆல்பத்தில் நால்வரும் தனித்தனியாக நிற்பார்கள். இங்கே டிரம்ஸில் எதிரொலி ஏறுகிறது, கீபோர்டு இடைவெளிகளில் பூசப்படுகிறது, பேஸ் உடம்பில் வந்து இடிக்கிறது. ‘வார்னிங் சைன்’ தொடக்கத்து டிரம்ஸை ஹெட்போனில் கேளுங்கள், ஈனோவின் கைவேலை அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டியலில் இவர்களைத் தூக்கிவிட்டது சொந்தப் பாட்டு இல்லை. சோல் பாடகர் ஆல் கிரீனின் ‘டேக் மீ டு த ரிவர்’ பாடலை மூலத்தைவிட மெதுவாக, சேற்றில் நடப்பது போல வாசித்தார்கள். 26ஆம் இடம்வரை போனது. முதல் ஆல்பம் 97ஆம் இடத்தில் நின்றது. இந்த ஆல்பம் 29.

மூன்றாவதான ‘ஃபியர் ஆஃப் மியூசிக்’?

1979. இருட்டான ஆல்பம். பாடல் பெயர்களே ‘ஏர்’, ‘பேப்பர்’, ‘மைண்ட்’, ‘அனிமல்ஸ்’ என்று ஒற்றைச் சொற்கள். காற்று, காகிதம், மிருகம் எல்லாவற்றின் மேலும் சந்தேகப்படுகிற ஆள் பாடுகிறார். முதல் ஆல்பத்துப் பையனின் படபடப்பு இங்கே முற்றிப்போய் பயமாகிவிட்டது. அடித்தளப் பதிவு கிறிஸும் டீனாவும் குடியிருந்த வீட்டிலேயே நடந்தது. பதிவு வண்டியைத் தெருவில் நிறுத்தி ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தார்கள். முதல் பாட்டான ‘ஐ ஸிம்ப்ரா’வில் அர்த்தமே இல்லை. ஹியூகோ பால் என்ற தாதா (அர்த்தத்தையே கேலி செய்த கலை இயக்கம்) கவிஞரின் ஒலிக்கவிதைக்குத் தாளம் போட்டிருக்கிறார்கள். அடுத்த ஆல்பத்துக்கான வாசல் அதுதான்.

‘ரிமைன் இன் லைட்’டை ஏன் எல்லோரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

கொண்டாடத் தகுந்ததுதான். பாட்டு எழுதும் முறையையே தலைகீழாக்கினார்கள்.

முதல் ஆல்பத்தில் வழக்கமான முறை. பைர்ன் ஒரு பாட்டோடு வருவார், மற்றவர்கள் அதற்கு வாசிப்பார்கள். 1980இல் கம்பஸ் பாயின்டுக்குப் போனபோது கையில் முடிந்த பாட்டு எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் ஆளுக்கொரு சின்னத் துண்டை வாசிப்பார்கள். அதையே விடாமல் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்து, பன்னிரண்டு அடுக்கு. பிறகு கலவை மேசையில் எந்த அடுக்கு எப்போது ஒலிக்க வேண்டும் என்று திறந்து மூடுவார்கள். வரிகளும் மெட்டும் கடைசியில்தான்.

விளைவு என்னவென்றால், பாட்டு நகர்வதில்லை. மேற்கத்தியப் பாட்டில் வழக்கமாக கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும். அந்த மாற்றம்தான் ‘இப்போது பல்லவி வருகிறது’ என்று நமக்குச் சொல்லும். இந்த ஆல்பத்தின் முதல் பாதியில் ஒரே சுருதி தம்பூரா மாதிரி அசையாமல் நிற்க, தாளமும் குரல்களும் மட்டும் மேலே மாறிக்கொண்டே இருக்கும். நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. ராக் கேட்டு வளர்ந்த காதுக்கு 1980இல் இது பெரிய அதிர்ச்சி.

இதற்கு உரம் போட்டவர் நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி. அவருடைய ‘ஆஃப்ரோடிசியாக்’ ஆல்பத்தை ஈனோ பைர்னுக்குக் கேட்கக் கொடுத்தார். கூடவே ஆப்பிரிக்கத் தாளங்கள் பற்றிய ஓர் ஆய்வு நூலையும் பைர்ன் படித்தார். பத்திரிகைகளுக்கு அனுப்பிய குறிப்பில், படித்த புத்தகங்களின் பட்டியலையே சேர்த்தார்கள். கடன் வாங்கியதை ஒளிக்காமல் சொன்னது ஒரு மரியாதை. ஆனாலும் அமெரிக்கக் குழுவின் நான்கு வெள்ளைக்காரர்கள் இதைச் செய்து பெயர் வாங்கியபோது, மூலத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி நியாயமானதே. ஃபெலாவைக் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். இந்த ஆல்பம் அதனால் சிறுத்துப்போகாது, வேறு மாதிரி தெரியும்.

வெளியாட்களும் வந்தார்கள்: ஏட்ரியன் பெலூவின் பிளிறும் கிட்டார், நோனா ஹெண்ட்ரிக்ஸின் குரல், ‘ஹவுசஸ் இன் மோஷன்’ பாட்டில் ஜான் ஹசலின் டிரம்பெட். ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டுக்குப் பைர்ன் வானொலியில் மதப் பிரசங்கிகள் பேசும் தொனியை எடுத்துக்கொண்டார். அழகான வீடு, அழகான மனைவி எல்லாம் இருக்கும் ஒருவர், இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்று திடுக்கிடுகிறார். 1977இல் கட்டடத்தை மெச்சியவரேதான். குடியேறிவிட்டார், இப்போது அந்த வீடு யாருடையது என்றே தெரியவில்லை.

பிரிட்டனில் அந்தப் பாட்டு 14ஆம் இடம். அமெரிக்காவில் அப்போது முதல் நூறுக்குள்ளேயே நுழையவில்லை. ஆல்பம் 19ஆம் இடம்வரை போனது. 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படியானால் முதல் ஆல்பம் வெறும் ஒத்திகைதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

இல்லை. ‘ரிமைன் இன் லைட்’ செய்ய முடியாத ஒன்றை முதல் ஆல்பம் செய்கிறது. ஒரு மனிதனைத் தனியாக நிற்க வைக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிற, அன்பாக இருக்க முயன்று விகாரமாகிப்போகிற, முடிவெடுக்க முடியாத ஒருவர். அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு கூட்டமோ எதிரொலியோ இல்லை. ‘டென்டேட்டிவ் டிசிஷன்ஸ்’ பாட்டில் குரல் உடைகிறபோது அந்த உடைப்பு நமக்கு அப்படியே கேட்கிறது.

நான்காவது ஆல்பத்தில் அதே மனிதர் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறார். நோனா ஹெண்ட்ரிக்ஸும் மற்றவர்களும் பின்னால் பாட, அவருடைய பயம் ஊர்வலத்தில் கரைகிறது. அது பெரிய விடுதலை. கேட்கவே சுகமாக இருக்கிறது. ஆனால் கரைந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் 77க்குப் போகத்தான் வேண்டும். வளர்ச்சி என்ற ஏணியில் வைத்துப் பார்த்தால் இது புரியாது. முதலில் இருந்த ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினார்கள், அவ்வளவுதான். கொடுத்ததும் விலை உள்ளதுதான்.

என் கட்சி மாறிய கதையும் இதுதான். முதல் ஆல்பத்தை எப்போதும் நான்காவதுக்குப் பிறகு போட்டுக் கேட்டு, ‘மெலிவாக இருக்கிறதே’ என்று நிறுத்திவிடுவேன். ஒரு நாள் இரவு ரயிலில் போனில் அது மட்டும்தான் இருந்தது. இரண்டு முறை முழுதாகக் கேட்டேன். மெலிவு என்று நினைத்தது துணிச்சல் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எல்லா ஆல்பங்களிலும் மாறாதது எது?

கிறிஸும் டீனாவும். ஆள் கிடைக்காததால் பேஸ் கற்றுக்கொண்டவர் டீனா. அதனால்தானோ என்னவோ, யாருடைய பாணியும் அவர் விரலில் இல்லை. கிறிஸ் ஒருபோதும் தன் திறமையைக் காட்ட வாசித்ததில்லை. 77இன் ‘சைக்கோ கில்லர்’ பேஸையும், ‘ரிமைன் இன் லைட்’டில் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பேஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் சில ஸ்வரங்கள்தான், இரண்டும் பாட்டின் முதுகெலும்பு. இந்த இருவர் இல்லாவிட்டால் பைர்னின் படபடப்பும் ஈனோவின் யோசனையும் காற்றில் போயிருக்கும். விமர்சகர்கள் எழுதிக் குவித்ததெல்லாம் மற்ற இருவரைப் பற்றி!

நான்காவது ஆல்பத்தில் பாடல்களுக்கு யார் பெயர் போடுவது என்பதில் மனக்கசப்பு வந்தது. எல்லோரும் சேர்ந்து வாசித்து உருவான பாடல்கள். பைர்ன், ஈனோ பெயர்களைத் தனியாக முன்னால் போட்டு, மற்றவர்களைக் குழுவின் பெயருக்குள் அடக்கினார்கள். 1981இல் கிறிஸும் டீனாவும் டாம் டாம் கிளப் என்று தனியாக ஒன்று தொடங்கி, ‘ஜீனியஸ் ஆஃப் லவ்’ பாட்டில் ஊரையே ஆட வைத்தார்கள். பதில் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

‘ஸ்பீக்கிங் இன் டங்ஸ்’ பற்றி?

1983. ஈனோ விலகியபின் தாங்களே தயாரித்தது. நான்காவதின் தாளக் கூட்டம் இங்கே வெளிச்சத்துக்கு வந்து நடனமாடுகிறது. ‘பர்னிங் டவுன் த ஹவுஸ்’ 9ஆம் இடம் பிடித்தது. அமெரிக்காவில் முதல் பத்துக்குள் போன ஒரே பாட்டு அது. இதிலும் வீடு. எரிகிறது, எரிவதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆல்பத்தின் கடைசியில் ‘திஸ் மஸ்ட் பி த பிளேஸ்’. உறுப்பினர்கள் சிலர் வாத்தியங்களை மாற்றிக்கொண்டு, டீனா கிட்டார் எடுத்து வாசித்த பாட்டு. பழக்கமில்லாத கைகள் என்பதால்தான் அதன் துணைப்பெயரில் ‘வெள்ளந்தியான மெட்டு’ என்ற பொருள் வருகிறது. பைர்ன் மறைப்பில்லாமல் பாடிய முதல் காதல் பாட்டு என்று நான் சொல்வேன். சொல்வது இதுதான்: வீடு என்பது இந்த ஆள்தான். 77இல் வீடு கட்டடமாக இருந்தது. ஆறு வருடம் ஆனது அது ஒரு மனிதராக மாற.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த ஆல்பத்தில் இருக்கிறார். சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர், சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லினோடு வாசித்த அதே சங்கர், இதில் தன் இரட்டை வயலினை வாசித்திருக்கிறார். அட்டையில் ‘சங்கர்’ என்று மட்டும் இருப்பதால் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ பார்த்தால் போதாதா?

1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பன்டேஜஸ் அரங்கில் ஜோனதன் டெம்மி படமாக்கிய கச்சேரி. 2023இல் புதுப்பித்துத் திரையரங்குகளுக்கு வந்தபோது நான்கு பேரும் பல வருட முறுக்கை ஓரம் வைத்து ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார்கள்.

இந்தப் படமே நம் ஒப்பீட்டுக்கு ஒரு பதில். வெற்று மேடைக்குப் பைர்ன் மட்டும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் டேப் ரெக்கார்டருமாக வந்து ‘சைக்கோ கில்லர்’ பாடுகிறார். அடுத்த பாட்டுக்கு டீனா. அதற்கடுத்து கிறிஸ். அப்புறம் ஜெர்ரி. நால்வர் ஆனதும் ‘ஃபவுண்ட் எ ஜாப்’; அதன்பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மேடை ஒன்பது பேரால் நிறைகிறது. முதல் ஆல்பத்திலிருந்து ஐந்தாவதுவரை நடந்ததைக் கால்மணி நேரத்தில் கண்முன் காட்டிவிடுகிறார்கள். போதுமா என்றால், போதாது. மேடையில் ‘சைக்கோ கில்லர்’ ஒரு விளையாட்டு. ஆல்பத்தில் அது விளையாட்டு இல்லை.

‘லிட்டில் கிரீச்சர்ஸ்’ மறுபடியும் முதல் ஆல்பத்துக்கே திரும்பியதுதானே?

1985இல் வந்தபோது பலர் அப்படித்தான் சொன்னார்கள். கூட்டம் கலைந்து நால்வர் மையத்துக்கு வந்தார்கள், மூன்று, நான்கு நிமிடப் பாடல்கள், பெரும்பாலும் பைர்ன் எழுதியவை. வெளியிலிருந்து பார்த்தால் திரும்பியது போலத்தான் இருக்கிறது. உள்ளே ஆள் மாறிவிட்டார். 77இல் பேச்சு வராமல் திணறியவர், இங்கே குழந்தையைத் தூங்கவிடாமல் கொஞ்சுவதைப் பற்றிப் பாடுகிறார். படபடப்பு போய் நிம்மதி வந்துவிட்டது. விற்பனையில் இதுதான் முதலிடம்: அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டியது. ‘ரோட் டு நோவேர்’ அக்கார்டியன் இழைய ஊர்வலமாகப் போகும்போது மறுப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் இந்த ஆல்பத்தை நான் மரியாதையோடுதான் கேட்கிறேன், ஆசையோடு இல்லை.

‘ட்ரூ ஸ்டோரீஸ்’?

1986. பைர்ன் இயக்கிய படத்தின் பாடல்களைக் குழு வாசித்தது. எட்டில் இதுதான் பலவீனம். ‘ரேடியோ ஹெட்’ என்ற பாட்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்குப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புண்ணியம் இதற்கு உண்டு.

கடைசி ஆல்பத்தை யாரும் பேசுவதே இல்லையே?

பேச வேண்டும். ‘நேக்கட்’, 1988. பாரிஸில் பதிவு, ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பு, ஆப்பிரிக்க, லத்தீன் கலைஞர்கள் பலர். நீளம் அதிகம், இரண்டாம் பாதி தொய்கிறது. ஆனால் ‘நத்திங் பட் ஃபிளவர்ஸ்’ இருக்கிறதே! ஸ்மித்ஸ் குழுவின் ஜானி மார் துள்ளும் கிட்டார் வாசிக்க, பைர்ன் ஒரு கதை சொல்கிறார். நகரம் அழிந்து இயற்கை மீண்டுவிட்டது. நெடுஞ்சாலை இருந்த இடத்தில் வயல், வணிக வளாகம் இருந்த இடத்தில் பூக்கள். சொர்க்கம். அதன் நடுவே ஒருவர் பழைய கடைகளையும் துரித உணவையும் நினைத்து ஏங்கி, புல்வெட்டும் இயந்திரம் ஒன்று இருந்தால் தேவலை என்று புலம்புகிறார்.

யார் அவர்? 1977இல் கட்டடத்தை மெச்சியவர்தான். 11 வருடம் கழித்து அந்தக் கட்டடம் இல்லை. கிண்டலா, உண்மையா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

எந்த வரிசையில் கேட்கலாம்?

புதிதாக வருபவர்கள் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படத்தை முதலில் பாருங்கள். பிறகு நேராக 77. அதன்பின் 1978, 79, 80 வரிசையாக, விடாமல். நான்கும் சேர்த்தாலும் மூன்று மணி நேரம் ஆகாது. ‘ரிமைன் இன் லைட்’டிலிருந்து பின்னோக்கிப் போகாதீர்கள்; நான் செய்த தப்பு அது.

ஆங்கில வரிகள் புரியாவிட்டால் ரசிக்க முடியுமா?

நான்காவது ஆல்பத்தை முடியும். பல வரிகள் முதலில் வெறும் ஓசைகளாக முனகி, பிறகு சொல் பொருத்தியவை. முதல் ஆல்பத்துக்குக் கொஞ்சம் புரிய வேண்டும், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. எளிய சொற்கள், குட்டி வாக்கியங்கள், அலுவலகக் கடிதத்தின் ஆங்கிலம்.

முதல் ஆல்பத்தின் எந்தப் பதிப்பு வாங்கலாம்?

2024இல் விரிவான பதிப்பு வந்திருக்கிறது. 1977 அக்டோபரில் சிபிஜிபியில் வாசித்த கச்சேரியும் அதில் உண்டு. பணம் இருந்தால் அந்தக் கச்சேரிக்காகவே வாங்கலாம். இல்லையென்றால் பழைய 11 பாட்டுப் பதிப்பே போதும். பழைய எல்.பி. இசைத்தட்டு கிடைத்தால் விடாதீர்கள். அட்டையில் படமே இல்லை: பளீரென்ற சிவப்பு, அதன் மேல் பச்சை எழுத்து. கூட்டமான கடையில்கூடத் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.